அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை: வீடு வாங்குவதில் நேரும் தவறுகள்

அட்வான்ஸ் கொடுத்த பிறகு பத்திரத்தை வக்கீலிடம் கொண்டுபோவது, பதிவு முடிந்த பிறகு சுவரில் ஓதம் இருப்பதைக் கவனிப்பது, குடிவந்த பிறகு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பது. வீடு வாங்குவதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். பார்க்க வேண்டியதைப் பலரும் பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பணம் கைமாறிய பிறகு. அதற்குள் மனசு அந்த வீட்டில் குடியேறிவிடுகிறது. விரிசல் கண்ணில் பட்டாலும் 'சின்னதுதானே' என்று தோன்றும். பத்திரத்தில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று தோன்றும். ஆகவே இங்கே சொல்லும் எல்லாவற்றையும் அட்வான்ஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கடன் கணக்கு

வங்கி எவ்வளவு தரும் என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தொகைக்கு வீடு தேடுவது முதல் தவறு. உங்கள் வருமானத்தில் தவணை வசூலாகுமா என்பதுதான் வங்கியின் கவலை. பிள்ளைகள் படிப்பும் பெற்றோரின் மருத்துவச் செலவும் அந்தக் கணக்கில் முழுமையாக வருவதில்லை. வரப்போகும் தவணைக்கும் இப்போது கொடுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது மாதமே அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், அந்த விலை உங்களுக்கு அதிகம்.

தவணை குறையும் என்பதற்காகக் கடன் காலத்தை நீட்டுவது அடுத்த தவறு. 8 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடன் என்றால், வாங்கிய தொகையைப் போல சுமார் 1.72 மடங்கு திருப்பிக் கட்டுவீர்கள். 20 ஆண்டானால் 2 மடங்கு, 30 ஆண்டானால் 2.64 மடங்கு. இருபதை முப்பதாக்கினால் தவணை குறைவது சுமார் 12 சதவீதம்தான். அதற்காகப் பத்து ஆண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும்.

மாறும் வட்டிக் கடனில் இன்னொரு கண்ணி உண்டு. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவது உண்டு. கையிலிருந்து போகும் பணம் மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. 20 ஆண்டுக் கடன் தொடங்கியவுடன் வட்டி 8இலிருந்து 9 சதவீதமானால், அதே தவணையில் 240 மாதம் என்பது சுமார் 304 மாதமாகிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல்! எனவே இன்றைய வட்டியோடு 2 சதவீதம் கூட்டித் தவணையைக் கணக்கிடச் சொல்லுங்கள். அதையும் தாங்க முடிந்தால்தான் அந்தக் கடன் உங்களுக்கு ஏற்றது.

பதிவுச் செலவு, வரி, வங்கிக் கட்டணம், வக்கீல் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் விலைக்கு மேல் வருபவை. சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் போட்டுவிட்டு இவற்றுக்குத் தனிநபர் கடன் வாங்குவது கூடவே கூடாது. வீட்டுக் கடனைவிட அதற்கு வட்டி அதிகம்.

வீட்டைப் பார்க்கும் விதம்

பெரும்பாலோர் ஒரு வீட்டை அரை மணி நேரம், அதுவும் பகலில், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். குறைந்தது மூன்று முறை போங்கள்: காலையில், இரவில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மழைக்குப் பின் போவதுதான் மிக முக்கியம்.

கையில் ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு பழைய ஏடிஎம் கார்டு இருந்தால் போதும். டார்ச்சைச் சுவருக்கு நேரே அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பட்டி பார்த்து மறைத்த இடம், உப்பிய பூச்சு, பெயின்டுக்கு அடியில் கொப்புளம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். மற்ற சுவர்கள் பழையதாக இருக்க ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். மூடிக் கிடக்கும் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையைப் பெயின்ட் மறைக்காது.

ஓதம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவர் நெடுக ஈரமும் வெள்ளை உப்பும் பூத்திருந்தால், நிலத்து ஈரம் ஏறுகிறது. அதைச் சரிசெய்வது கடினம், செலவும் அதிகம். சுவர் நடுவே திட்டாக இருந்தால் உள்ளே போகும் குழாயில் கசிவு இருக்கலாம். கூரையில் என்றால் மாடித்தளமோ மேல்வீட்டுக் குளியலறையோ காரணம். மேல்வீடு பிறருடையது என்றால், சரிசெய்யும் அதிகாரமும் உங்கள் கையில் இருக்காது.

விரிசலுக்குத்தான் ஏடிஎம் கார்டு. அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அது நுழையாத மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை. கார்டு நுழைந்தால், அதே இடத்தில் சுவரின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தாலோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல இறங்கினாலோ, ஒரு முனையில் அகலமாகி இன்னொரு முனையில் ஒடுங்கினாலோ, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் பக்கத்துக் கதவுகள் நிலையில் உரசுகின்றனவா என்று சாத்திப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான விரிசல் இருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

காங்கிரீட் தளத்தில் கம்பி ஓடும் வாக்கில் நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். மேலே சிமென்ட் பூசினால் நிற்காது. குச்சியால் தட்டும்போது 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் பெயர்ந்து விழக் காத்திருப்பது.

குளியலறையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்று பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருந்தால் தண்ணீர் வடிகாலுக்கு ஓடும். மூலையில் தேங்கினால், டைல்ஸைப் பெயர்த்துத் தரையை மறுபடி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாஷ்பேசின் 'களக்' என்று சத்தம் போடுகிறதா என்று கேளுங்கள். போட்டால் கழிவுக் குழாயில் காற்றுப் போக வழியில்லை, அல்லது அடைப்பு. எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் எங்கோ கசிகிறது. மின் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்களைக் காக்கும் அளவு 30 மில்லி ஆம்பியர். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

வங்கி ஆள் வந்து பார்த்தாரே என்று இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாக வீட்டின் மதிப்பு போதுமா என்பதை. குளியலறை வாட்டத்தை அல்ல.

சதுரடி

சொல்லும் பரப்பு சுவருக்கு உள்ளேயா, வெளியேயா, பொது வழியையும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே 10க்கு 12 அடி உள்ள அறை 120 சதுரடி. அதையே 9 அங்குலச் சுவரின் வெளிவிளிம்பிலிருந்து அளந்தால் 155 சதுரடி. டேப்பால் நீங்களே அளந்து, உள்ளளவுக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்த பிறகுதான் இரண்டு வீடுகளை ஒப்பிட முடியும்.

பத்திரம்

விற்பவரின் வக்கீலோ தரகர் காட்டும் வக்கீலோ வேண்டாம்; கட்டணம் நீங்கள் கொடுக்கும் வக்கீல்தான் உங்களுக்காகப் பார்ப்பார். அசலைக் காட்டாமல் நகலை மட்டும் காட்டினால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று சங்கிலி அறுபடாமல் பின்னோக்கிப் போக வேண்டும். பரம்பரைச் சொத்தில் ஒரே ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போனாலும் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். பவர் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து விற்பவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள்; கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் செல்லாது. அங்கீகரித்த வரைபடத்தையும் நேரில் நிற்கும் வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் இல்லாத மாடிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

அட்வான்ஸ்

எல்லாம் திருப்தி என்றால் அட்வான்ஸ் கொடுங்கள், வங்கி வழியாக, எழுதிய ஒப்பந்தத்தோடு. கடன் கிடைக்காவிட்டாலும் பத்திரத்தில் குறை தெரிந்தாலும் இத்தனை நாளில் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்பதும், வீட்டோடு எந்தெந்தப் பொருள் சேரும் என்பதும், காலி செய்து தரும் தேதியும் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. பதிவன்று காலையில் இன்னொரு முறை வீட்டுக்குப் போய், ஆள் காலி செய்தாரா, பேசிய பொருட்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, மின் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் காட்டும் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடப் போங்கள்.