ஈறுக்குள்ள வைக்கிற ஆன்டிபயாடிக் ஃபிலிம் லேப்ல பண்றது எப்படி

காரைக்குடி பக்கம் பி.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடுற தம்பி தங்கச்சிங்களுக்கு இது.

மாத்திரை போட்டா மருந்து உடம்பெல்லாம் சுத்திட்டு ஈறுக்கு கொஞ்சூண்டுதான் வரும், நேரா ஈறுப் பைக்குள்ள (ஈறு நோய்ல பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுற பள்ளம்) வச்சா துளியூண்டு போதும், ஆனா அங்க திரவம் ஊறிக்கிட்டே இருக்கும், 5 மி.மீ. ஆழப் பையில மணிக்கு சுமார் 40 தடவை மாறும்னு கணக்கு, அதனால வெறும் மருந்து நிக்காது, பாலிமர்ல (நீளச் சங்கிலி மாதிரி மூலக்கூறு இருக்கிற பொருள்) பிடிச்சு வைக்கணும். 1979லயே குட்சன்னு ஒரு பல் ஆராய்ச்சியாளர் டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக்கை குழாய் நார்ல அடைச்சு வச்சு பாத்தார்.

1% அசிட்டிக் ஆசிட்ல 2% கைட்டோசானை (இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிற பாலிமர்) ராத்திரி பூரா கலக்கவிடுங்க. வடிகட்டி, கொஞ்சம் கிளிசரின், அப்புறம் டாக்ஸிசைக்ளின், அதான் நம்ம ஆன்டிபயாடிக். குமிழி போற வரைக்கும் பொறுமை ப்ளீஸ்.

கண்ணாடி பெட்ரி டிஷ்ல ஊத்துங்க. நம்ம ஆத்தங்குடி டைல்ஸ் கல்லும் கண்ணாடி மேல ஊத்துறதுதானே, அதே மாதிரி தளம் மட்டமா இல்லன்னா ஒரு பக்கம் தடிச்சிடும். ஆனா வெயில்ல மட்டும் வச்சுடாதீங்க, டாக்ஸிசைக்ளினுக்கு வெளிச்சம் ஆகாது, ஃபாயில் சுத்தி 40 டிகிரி ஓவன்ல காயவைங்க.

4க்கு 5 மி.மீ. அளவுல வெட்டி, 37 டிகிரி பஃபர்ல (pH மாறாத கரைசல்) போட்டு, தினம் கொஞ்சம் பஃபரை எடுத்து எவ்வளவு மருந்து வெளிய வந்திருக்குன்னு யுவி ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாருங்க, எடுத்த அளவுக்கு புது பஃபர் ஊத்த மறக்காதீங்க (நான் மறந்து ஒரு வாரம் போச்சு). முத நாளே பாதி மருந்து வெளிய வந்துட்டா க்ராஸ்லிங்க் பண்ணணும் (பாலிமர் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு பிணைக்கிறது), குளுட்டரால்டிஹைடு போட்டா நல்லா கழுவணும், அது விஷம்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம யார் வாயிலயும் வைக்காதீங்க, உங்க வாயிலயும்தான்.