நடை ரோபோவில் ஏறுவதற்கு முன்: வீட்டிலேயே செய்ய வேண்டியவை

தோட்டப் பட்டணத்துக் கிளினிக்கில் எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது காலில் மாட்டிக்கொண்டு நடக்கும் ரோபோ, இருக்காது. முதுகுத்தண்டு அடிபட்டவர் சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரர் என்றால், மலாக்காவில் 2014 முதல் இயங்கும் அதன் மறுவாழ்வு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். அவ்வளவு தூரம் போய் வீணாகத் திரும்பி வராமலிருக்க, முன்தயாரிப்புதான் முக்கியம்.

முதலில் எலும்பு அடர்த்திச் சோதனை. பல மாதம் நிற்காத கால் எலும்பு மெலிந்திருக்கும். ரோபோ தூக்கி நிறுத்தும்போதே முறியலாம். உடல் எடையையும் பாருங்கள், பல கருவிகளுக்கு 100 கிலோதான் வரம்பு. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் தினமும் நீட்டப்பட வேண்டும். கணுக்கால் இறுகிவிட்டால் பாதம் தட்டையாகப் பதியாது.

மாட்டும்போது கருவியின் மூட்டு, முழங்கால் மூட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சற்று விலகினாலும் ஒவ்வொரு அடிக்கும் பட்டை மேலும் கீழும் உரசும். உணர்ச்சியில்லாத தோலில் அது புண்ணாகும் வரை தெரியாது. அதனால் ஜீன்ஸ் வேண்டாம், தையல் தடிக்காத டிராக் பேண்ட் போதும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அது ஆறும்வரை பயிற்சி கிடையாது.

தொடங்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பு (T6) மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள்: உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் அது அவசரச் சிகிச்சைக்குரியது. மாறாகக் கண் இருட்டி முகம் வெளுத்தால் அழுத்தம் இறங்குகிறது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.