பாபிலோன் களிமண் பலகைல இருக்கிற நம்பரை நீங்களே படிக்கிறது எப்படி?

அந்தப் பலகையை மொதல்ல பார்த்தா கோழி கிண்டுன மாதிரிதான் தெரியும், ஆனா நம்பர் மட்டும் படிக்கணும்னா ரெண்டே ரெண்டு குறி தெரிஞ்சா போதும். நேரா நிக்கிற ஆப்பு 1. மூலை மடிஞ்ச மாதிரி சாஞ்சு இருக்கிறது 10. ரெண்டு மூலை, மூணு ஆப்புன்னா 23, இப்படியே 59 வரைக்கும் எண்ணிக்கலாம்.

60 வந்ததும் மறுபடியும் ஒத்த ஆப்புதான், ஆனா இடது பக்கம் ஒரு இடம் தள்ளி நிக்கும். நாம 10 வந்தா இடம் மாத்துறோம், அவங்க 60 வந்தா மாத்துனாங்க, அதனால 1, 15ன்னு இருந்தா அது 75. நம்ம மணி, நிமிஷக் கணக்குல இருக்கிற 60 இங்கிருந்து வந்ததுதான்.

ஒண்ணுல மட்டும் கவனமா இருங்க. கிமு 1800 வாக்குல ஜீரோவும் கிடையாது, தசமப் புள்ளியும் கிடையாது, அதனால ஒத்த ஆப்பு 1ஆ, 60ஆ, 3600ஆன்னு கணக்கோட விஷயத்தைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்.

பழகுறதுக்கு யேல் யுனிவர்சிட்டில இருக்கிற பலகையை எடுத்துக்கோங்க, ஒரு சதுரம், பக்கம் 30, குறுக்குக் கோட்டு மேல 1, 24, 51, 10. முதல் எண்ணை முழுசா வச்சு, அடுத்ததை 60ஆல, அப்புறம் 3600ஆல, கடைசியை 216000ஆல வகுத்துக் கூட்டுங்க, 1.41421 வரும், அதாவது ரெண்டோட வர்க்கமூலம், அதுவும் பித்தாகரஸ் பிறக்கிறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே! அதை 30ஆல பெருக்குனா கீழ எழுதியிருக்கிற 42, 25, 35 வருதான்னு போட்டுப் பாருங்க.