பீவரைப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறில் நஷ்டமாவது காசு. இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதும் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆன்டனி பீவரின் சில புத்தகங்களுக்கு பிரிட்டனில் ஒரு தலைப்பு, அமெரிக்காவில் வேறு தலைப்பு. லண்டனில் 'பெர்லின்: தி டவுன்ஃபால் 1945' என்று வந்ததுதான் நியூயார்க்கில் 'தி ஃபால் ஆஃப் பெர்லின் 1945'. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் நடந்த சண்டை பற்றிய புத்தகத்துக்கும் இதே கதை. பெர்லினை நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி முடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்து பிரித்தால், எல்லாம் படித்த பக்கங்கள். எனவே தலைப்பை நம்பாதீர்கள். எந்தப் போர்க்களம், எந்த வருஷம் என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, எதிலிருந்து ஆரம்பிப்பது என்பது. பலரும் 2012-இல் வந்த தலையணை சைஸ் 'தி செகண்ட் வேர்ல்ட் வார்' புத்தகத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள், பாதியில் மூடி வைக்கிறார்கள். பீவர் முன்னாள் ராணுவ அதிகாரி. ஒரு நகரம், சில மாதங்கள் என்று களம் சுருங்கினால்தான் அவர் கை நன்றாக ஓடும் என்பது என் கணிப்பு. 1998-இல் வந்த 'ஸ்டாலின்கிராட்', 1942-43-இல் ஜெர்மன் படை அந்த சோவியத் நகரில் சிக்கித் தோற்ற கதை, அப்படிப்பட்டது. அதில் தொடங்கி, பெர்லினுக்குப் போய், அப்புறம் பெரிய புத்தகத்துக்கு வரலாம்.

அந்தப் பெரிய புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. யாங் கியோங்ஜோங் என்ற கொரியர். ஜப்பான் அவரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கிறது. 1939-இல் மங்கோலிய எல்லையில் நடந்த கால்கின் கோல் சண்டையில் சோவியத் படையிடம் பிடிபடுகிறார். அவர்கள் தங்கள் சீருடையை மாட்டி அனுப்ப, உக்ரைனின் கார்கிவ் அருகே ஜெர்மானியர்கள் பிடிக்கிறார்கள். கடைசியில் 1944-இல் நார்மண்டியில், ஜெர்மன் சீருடையில், அமெரிக்கர்களிடம் சிக்குகிறார். எந்த வாசகனும் விழுந்துவிடும் கதை. ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் புகைப்படத்தின் அசல் குறிப்பில் அந்த இளைஞர் ஜப்பானியர் என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. ஜெர்மன் படையில் ஆசியர்கள் இருந்தது உண்மைதான். இந்த ஒரு மனிதரின் கதைக்குத்தான் உறுதியான ஆவணம் இல்லை. நன்றாகச் சொல்லப்பட்ட சம்பவம் என்பதற்காக அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சொன்னவர் பீவராகவே இருந்தாலும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது. 2001-இல் வந்த 'எனிமி அட் த கேட்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள், குறிபார்த்துச் சுடும் சோவியத் வீரர் ஜைட்செவுக்கும் அதே வேலை செய்த ஜெர்மன் வீரனுக்கும் நடந்த ஒற்றைக்கு ஒற்றை மோதல் பீவரில் இருப்பதாக நினைக்கிறார்கள். மோதல் நடந்ததா என்றே அவர் சந்தேகப்படுகிறார். குறிபார்த்துச் சுடுபவர்களைப் பற்றி ஸ்டாலின்கிராட் போர்முனைச் சோவியத் படையின் அரசியல் பிரிவு விலாவாரியாக எழுதிய அறிக்கைகளில் அப்படி ஒரு சண்டையே இல்லை என்கிறார்.

எண்களுக்கு வருவோம். ஸ்டாலின்கிராடில் சோவியத் தரப்பு தன் சொந்த வீரர்கள் சுமார் 13,500 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது என்று அவர் எழுதியிருக்கிறார். இது கைமாறிக் கைமாறி, 'பின்வாங்கிய 13,500 பேரைப் பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள்' என்று ஆகிவிட்டது. புத்தகத்தில் இருப்பது வேறு. உத்தரவில்லாமல் பின்வாங்கியது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது, எதிரிப் பக்கம் ஓடியது, ஊழல், சோவியத் எதிர்ப்புப் பேச்சு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். விசாரித்துக் கொன்றதும் உண்டு, விசாரணை இல்லாமல் கொன்றதும் உண்டு.

ஒப்பிட இன்னொரு ஆவணம் இருக்கிறது. 'ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது' என்று 1942 ஜூலை 28-இல் ஸ்டாலின் போட்ட 227-ஆம் எண் உத்தரவுக்குப் பிறகு, ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரை, பின்வாங்குபவர்களை மறிக்க நிறுத்தப்பட்ட தடுப்புப் படைகள் என்ன செய்தன என்று சோவியத் ரகசியப் போலீஸான என்.கே.வி.டி. எழுதிய அறிக்கை. எல்லா முனைகளிலும் சேர்த்துப் பிடிக்கப்பட்டவர்கள் 1,40,755 பேர், சுடப்பட்டவர்கள் 1,189 பேர். ஸ்டாலின்கிராட் முனையில் மட்டும் சுடப்பட்டவர்கள் 278. இதைக் காட்டி 'பீவர் பொய் சொல்கிறார்' என்று குதிப்பவர்களும் அவசரக்காரர்கள்தான். ஒன்று ஒரே வகைப் படையின் இரண்டரை மாதக் கணக்கு, மற்றது எல்லா வகைத் தண்டனையும் சேர்ந்தது. அந்த 13,500-ஐ நான் உச்ச அளவாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அவரை ரஷ்ய எதிரி என்று ஒதுக்குவது இன்னொரு சுருக்குவழி. பெர்லின் புத்தகம் 2002-இல் வந்தபோது, செம்படை, அதாவது சோவியத் ராணுவம், செய்த பாலியல் வன்முறைகளை எழுதியதற்காக லண்டனில் இருந்த ரஷ்யத் தூதர் பொரிந்து தள்ளினார். அதே பீவர்தான் லூபா வினோகிரடோவாவுடன் சேர்ந்து, செம்படையோடு நடந்த சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனின் போர்க் குறிப்பேடுகளை 2005-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

சரி, இவ்வளவையும் எங்கே சரிபார்ப்பது? புத்தகத்தின் கடைசியில். பின்குறிப்புகளையும் பெயர் அட்டவணையையும் (இண்டெக்ஸ்) புரட்டாமல் விடுவதுதான் பெரிய தவறு. 2018-இல் 'ஸ்டாலின்கிராட்' புத்தகத்தின் ரஷ்யப் பதிப்பை உக்ரைன் உள்ளே விடவில்லை. காரணம், 1941 ஆகஸ்டில் உக்ரைனின் பிலா செர்க்வா நகரில் 90 யூதக் குழந்தைகளை உக்ரைனியத் துணைப்படையினர் சுட்டுக் கொன்றது பற்றிய பகுதி. சோவியத் ரகசியப் போலீஸ் சொன்னதை நம்பி எழுதிவிட்டார் என்பது அதிகாரிகளின் வாதம். பீவர் தன் மூலப் பதிப்பின் பின்குறிப்பைக் காட்டினார். அங்கே இருந்த பெயர் ஹெல்முத் கிராஸ்கர்ட், நாஜிகளை வெறுத்த ஜெர்மன் அதிகாரி. அந்தக் கொலையைத் தடுக்க முயன்று தோற்றவர். இந்தப் போரில் நாம் ஜெயிக்கவே கூடாது என்று மனைவிக்கு எழுதியவர்.

பெயர் அட்டவணையில் கிராஸ்கர்ட்டைத் தேடுங்கள். பல பக்கங்கள் தள்ளி, ஸ்டாலின்கிராட் முற்றுகைக்குள், பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு ஜெர்மன் படைத்தொகுதியின் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' அதிகாரியாக மறுபடி வருகிறார். அங்கே பிடிபட்டு, 1943 ஏப்ரலில் சோவியத் முகாமில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார்.