வன்னி நகரங்களின் நலத்தைப் படமாக வரையும்போது விடுகிற பிழைகள்

வட இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சி நகரவாசிகளின் நலவாழ்வை வரைபடமாக்கப் புறப்படுகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் 'நகரம்' என்ற சொல்தான். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வந்தால்தான் நகரம். கிளிநொச்சி கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்குவதால் அந்தக் கணக்கில் அங்கே நகரவாசி ஒருவர்கூட இல்லை. (வவுனியாவுக்கு நகர சபை இருந்தது, தப்பித்தது.) ஏ9 வீதியோரம் வங்கிகளும் புடவைக் கடைகளும் வரிசையாக நிற்க, படத்தில் மட்டும் அது கிராமம். அதனால் எல்லையை நீங்களே வரையுங்கள்; எதை வைத்து வரைந்தீர்கள் என்று ஓரத்தில் எழுதியும் விடுங்கள்.

அடுத்தது நிறம் பூசுவது. பெரும்பாலானோர் கவிழ்வது இதில்தான். முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012இல் சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. காடு, குளம், வயல் போக மிச்சத்தில்தான் வீடுகள். கிராம அலுவலர் பிரிவு (நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு) முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பினால், காட்டுக்கும் குளத்துக்கும் சேர்த்தே 'நலம் குறைவு' என்று சிவப்பு அடிக்கிறோம். சந்தியைச் சுற்றி நெருக்கமாக ஆட்கள் வாழும் சின்னப் பிரிவோ கண்ணிலேயே படாது. ஆட்தொகைக்கு ஏற்ற வட்டம் போடுங்கள், அல்லது வீடுகள் இருக்கிற இடத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். சிவப்பு–பச்சை ஜோடி வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு.

தூரத்தை அடிமட்டம் வைத்து அளக்கிற பழக்கமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஐந்து கிலோமீற்றருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு வசதி என்று முடித்துவிடுவார்கள். நடுவில் குளம் கிடந்தால்? குளக்கட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, தாழ்வான பாலமான தாம்போதியை வெள்ளம் மூடினால் அந்தப் பாதையும் இல்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து தாழ்நிலங்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓகஸ்டில் வரைந்த படம் டிசம்பருக்கு உதவாது. இரண்டு படம் வேண்டும்.

சரி, ஊர் ஆட்களிடமே படத்தை வரையச் சொன்னால்? நல்ல வழிதான். ஆனால் காலை பத்து மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே தாளைச் சுற்றி இருந்தால் பேனை ஆண்கள் கையில்தான். கோயில், பாடசாலை, விளையாட்டு மைதானம் எல்லாம் ஒழுங்காக வரும். பெண்களுக்குத் தனித்தாள் கொடுத்துப் பாருங்கள். ஒரு அம்மா முதலில் ஒழுங்கை முடக்கில் லைட் எரியாத மின்கம்பத்தைக் குறிப்பார். "டியூசன் விட்டுப் பிள்ளை இதாலதான் வாறவள்" என்பார். எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அந்தக் கம்பம் இருக்காது.

பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்களை வீட்டுக்கு வீடு புள்ளி வைத்து வெளியே கொடுக்காதீர்கள். உதவிக்கென்று வரைந்த படம் யார் கையிலும் போகலாம். இருபது முப்பது வீடுகளைச் சேர்த்தே காட்டுங்கள்.

விபரம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத ஊர்கள் இங்கே நிறைய. படம் முடிந்ததும் அதே மண்டபச் சுவரில் ஒட்டி, எங்கே பிழை என்று கேளுங்கள். முதல் திருத்தம் பெரும்பாலும் குளத்தின் பெயரில்தான் வரும்.