கல்வி உளவியலாளர் ஆக ஆசையா? கல்லூரி தேடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

"எந்தக் கல்லூரியில் சேரலாம்?" என்றுதான் பெரும்பாலானோர் ஆரம்பிக்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. பள்ளிக்குள் போய் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது.

இங்கிலாந்தில் யாருக்கு எந்த வேலை என்ற குழப்பம் இல்லை. மூன்று வருட முனைவர் பயிற்சி முடித்து, பதிவும் செய்தால்தான் 'கல்வி உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ள முடியும். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அந்தப் பெயரில் தனி உரிமம் கிடையாது. ஒரே வேலை இங்கே இரண்டு மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிறது.

படி 1: எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

ஒன்று, பள்ளி கவுன்சிலர். பரீட்சை பயம், வகுப்பில் கேலி, வீட்டுச் சண்டை, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று பிள்ளைகளோடும் பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் பேசும் வேலை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கவுன்சிலர் இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் வேலை வாய்ப்பு அந்தப் பக்கம்தான் அதிகம்.

இன்னொன்று, மதிப்பீடு. வாசிக்க, எழுத, கணக்குப் போடத் திணறும் குழந்தையைச் சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதுவது. இதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் சான்றிதழை வைத்துத்தான் கிடைக்கும். சான்றிதழ் தருவது அரசு மருத்துவக் குழு. ஆனால் அதற்கு அடிப்படையான சோதனைகளைச் செய்வது பதிவு பெற்ற உளவியலாளர். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். எம்.எஸ்சி. முடித்த பிறகு யோசித்தால் வருடங்கள் வீணாகும்.

படி 2: பட்டப்படிப்பு

பி.எஸ்சி. உளவியலுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் எந்த குரூப்பையும் ஏற்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றில் இந்தத் துறை உண்டு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உளவியல் துறை 1943-ல் தொடங்கியது. புள்ளியியல் பாடத்தை மட்டும் ஒப்புக்குப் படிக்காதீர்கள். மதிப்பெண்ணுக்கும் சதமானத்துக்கும் (நூறு பேரில் எத்தனை பேரை விட மேலே என்ற கணக்கு) வித்தியாசம் தெரியாதவர் எழுதும் ரிப்போர்ட் ஒரு குழந்தையின் பள்ளி வாழ்க்கையையே திசைமாற்றிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தொலைநிலையில் எம்.எஸ்சி. உளவியல் படித்துவிடலாம் என்று இன்னும் பலர் சொல்வார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலை, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. ஏதாவது சென்டர் இப்போதும் விளம்பரம் செய்தால், பணம் கட்டாமல் விசாரியுங்கள்.

படி 3: அதன் பிறகு

கவுன்சிலர் பக்கம் என்றால் முதுகலையோடு, பிள்ளைகளுடன் நேரடியாக வேலை செய்த அனுபவம் வேண்டும். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்கள் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோவைப் பார்க்கலாம்.

மதிப்பீட்டுப் பக்கம் என்றால் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த மருத்துவ உளவியல் அல்லது மறுவாழ்வு உளவியல் படிப்பு வேண்டும். பழைய வழி எம்.பில். அதை யு.ஜி.சி. நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. படிப்புகளின் பெயரும் வடிவமும் மாறிக்கொண்டிருப்பதால், கல்லூரி சொல்வதை மட்டும் நம்பாமல் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சீனியர்களிடம் கேட்டால் அவர்கள் காலத்து விதியைச் சொல்வார்கள்!

படி 4: சோதனையை விடப் பெரிய வேலை

நுண்ணறிவுக்கு வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனை, அதன் இந்திய வடிவமான மாலின் சோதனை, பினே-காமத் சோதனை. கற்றல் குறைபாட்டுக்கு, பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பு. நீங்கள் அதிகம் கையாளப் போவது இவற்றைத்தான். நடத்தும் முறையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லப் பழகத்தான் வருடங்கள் ஆகும்.

ஒரு உதாரணம். நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ் மட்டும்தான். அப்பா அம்மா ஆங்கிலம் படித்ததில்லை. "படிப்பே ஏறல, டிஸ்லெக்சியாவா பாருங்க" என்று, அதாவது வாசிப்பில் திணறவைக்கும் கற்றல் குறைபாடா என்று பார்க்கச் சொல்லி, பள்ளி அனுப்புகிறது. சோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் பார்வையும் கேட்கும் திறனும் பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். எத்தனை பள்ளி மாறியது, எவ்வளவு நாள் லீவு என்று கேளுங்கள். அப்புறம் தமிழிலும் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் சரளமாகப் போய் ஆங்கிலத்தில் மட்டும் நின்றால், கற்பித்தலில் குறை இருக்கவே அதிக வாய்ப்பு. ஆனாலும் குறைபாட்டை உடனே விலக்கிவிட முடியாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்பமானது என்பதால் சில பிள்ளைகளின் சிரமம் அங்கேதான் முதலில் வெளிப்படும். இரண்டிலும் திணறினால் இன்னும் ஆழமாகப் பாருங்கள்.

தமிழில் என்ன பிழை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் உயிர்க்குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. சின்னப் பிள்ளைகள் பலரும் இதில் தடுமாறுவார்கள். நாலாம் வகுப்பிலும் அது தொடர்ந்தால்தான் கவலை.

முதல் தலைமுறையாகப் படிக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டு 'குறைபாடு' என்று முத்திரை குத்துவதும், உண்மையான குறைபாட்டை 'சோம்பேறி' என்று தள்ளிவிடுவதும் நம் பள்ளிகளில் நடக்கின்றன. இரண்டையும் தடுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

படி 5: எங்கே பழகுவது

படிக்கும்போதே போய் நில்லுங்கள். சென்னையில் 1991-லிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பான வித்யா சாகர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றில் பயிற்சிக்கோ தன்னார்வப் பணிக்கோ கேட்டுப் பார்க்கலாம். சென்னைக்கு வெளியே என்றால் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்பாசிரியரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு ஒரு வாரம் சுற்றினால், வகுப்பறையில் சொல்லித் தராத பலதும் புரியும்.

படி 6: சட்டம்

பிள்ளை சொல்வதை ரகசியமாக வைப்போம். ஆனால் பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று நிர்வாகம் சொன்னாலும் மறைப்பது குற்றம். இந்த விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் எளிமையாகச் சொல்லிவிடுங்கள்.

படி 7: நேர்காணல்

அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். கதவு சாத்தக்கூடிய தனி அறை உண்டா? ஆசிரியர் வராத நாளில் அந்த வகுப்புக்கு என்னை அனுப்புவீர்களா? என் குறிப்பேட்டை யார் யார் பார்க்க முடியும்? மூன்றாவதற்கு "பிரின்சிபால் எப்ப வேணாலும் பார்ப்பார்" என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.