ரேஷன் கடையை எங்கே வைப்பது? கியூஜிஐஎஸ் வைத்து ஊராட்சிக்கு ஒரு தூரக் கணக்கு

கொங்கு நாட்டு ஊர்களில் எல்லா வீடுகளும் நத்தத்தில் கூடி நிற்பதில்லை. பாதிக்கு மேல் தோட்டத்துச் சாளைகளாக, அதாவது தோட்டத்திலேயே கட்டிய வீடுகளாகச் சிதறிக் கிடக்கும். அதனால் "ஊருக்கு நடுவில் வைத்தால் எல்லாருக்கும் வசதி" என்ற பேச்சு இங்கே எடுபடாது. நடு என்பது எது என்பதிலேயே சண்டை வரும். பகுதி நேர ரேஷன் கடைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது யார் எவ்வளவு தூரம் அரிசி மூட்டையைச் சுமக்கப் போகிறார்கள் என்பதை எண்ணிக்கையாகக் காட்டிவிட்டால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும். அந்த எண்ணிக்கையைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் எப்படி எடுப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

எடுத்துக்காட்டாக, கீழ்பவானி வாய்க்கால் குறுக்கே ஓடும் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். பவானிசாகரிலிருந்து மங்களப்பட்டி வரை 200 கி.மீ. ஓடும் வாய்க்கால் அது. கரையோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல்தான்: எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், பாலம் எங்கோ இருக்கும். நம் ஊராட்சியில் இப்போது ஒரு கடை இருக்கிறது. புதிய கடைக்கு மூன்று இடங்கள் பேச்சில் இருக்கின்றன. 1.5 கி.மீ.க்கு மேல் யாரும் நடக்கக் கூடாது என்பதை வரம்பாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் வேறு வரம்பு பேசினால் அதையே போடுங்கள்.

தேவையானவை

8 ஜிபி ராம் உள்ள கணினி, ஒரு ஆண்ட்ராய்டு போன், கியூஜிஐஎஸ். கியூஜிஐஎஸ்ஸின் இணையதளத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். அதில் "லாங் டெர்ம் ரிலீஸ்" என்பதை இறக்குங்கள். புதிய பதிப்பின் வசதிகள் இந்த வேலைக்குத் தேவையில்லை, நிலையாக ஓடினால் போதும். இறக்கும் கோப்பு 1 ஜிபிக்கு மேல் வரும். மெனுவை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உதவி தேடும்போது அந்தப் பெயர்களில்தான் பதில் கிடைக்கும்.

முதலில் ஆயத்தொலை முறை

தொடக்கத்தில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இடத்தை எண்ணாகக் குறிக்கும் ஒவ்வொரு முறைக்கும் (ஆயத்தொலை முறை, ஆங்கிலத்தில் சிஆர்எஸ்) இபிஎஸ்ஜி என்ற பட்டியலில் ஓர் எண் உண்டு. போன் தரும் இடக்குறிப்பு டிகிரியில் இருக்கும், அதன் எண் இபிஎஸ்ஜி 4326. டிகிரியில் இருக்கும் லேயரில் (ஒரே வகைத் தகவலைக் கொண்ட அடுக்கு) "1500 தூரத்துக்கு வட்டம் போடு" என்றால் 1500 மீட்டர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளாது, 1500 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். வட்டம் உலகத்தையே விழுங்கிவிடும். அதனால் மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்ற வேண்டும்.

கொங்கில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரிக் கோடு பரமத்தி வேலூர் பக்கமாக இறங்குகிறது. கோட்டுக்கு மேற்கே உள்ள கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் யூடிஎம் என்ற மீட்டர் முறையில் 43ஆம் மண்டலம், எண் இபிஎஸ்ஜி 32643. கிழக்கே உள்ள கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் 44ஆம் மண்டலம், எண் 32644. கோடு உங்கள் ஊராட்சியை ஒட்டிப் போனாலும் கவலை வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதையே வையுங்கள். 1500 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவே பிழை வரும். இரண்டையும் கலந்தால்தான் ஆபத்து.

மாற்றும்போது "ரீப்ரொஜெக்ட் லேயர்" கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பக்கத்திலேயே கண்ணில் படும் "செட் லேயர் சிஆர்எஸ்" வேறு வேலை செய்வது. அது எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். 77.6, 11.4 என்ற டிகிரி எண்களை மீட்டர் என்று நம்பிக்கொண்டு உங்கள் ஊரை வேறு எங்கோ கொண்டுபோய்ப் போடும். திரையின் கீழ் வலது மூலையில் புராஜெக்டின் முறையை மாற்றினாலும் லேயருக்குள் இருக்கும் எண்கள் அப்படியேதான் இருக்கும்.

சாளைகளைக் குறிப்பது

செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணிவிடலாம் என்று தோன்றும். எண்ணாதீர்கள். இங்கே கூரை என்றால் வீடு மட்டும் இல்லை. கோழிப்பண்ணை, தறிக்குடோன், மஞ்சள் கிடங்கு, மாட்டுக்கொட்டகை எல்லாம் கூரைதான். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் போன்ற தயார் தரவுகளிலும் இதே குழப்பம் உண்டு. படத்தை வைத்துப் போக வேண்டிய இடங்களின் பட்டியல் போடுங்கள், எது வீடு என்பதை நேரில் போய் முடிவு செய்யுங்கள்.

கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்து இயங்கும் கியூஃபீல்டு செயலியைப் போனில் போட்டு வாசலில் நின்று புள்ளி வையுங்கள். திரையில் துல்லிய அளவு 10 மீட்டருக்குள் இறங்கும்வரை பொறுங்கள். தென்னந்தோப்புக்குள் இருந்தால் கொஞ்சம் வெளியே வந்து வெட்டவெளியில் நில்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விவரம் போதும்: நீங்கள் கொடுக்கும் வரிசை எண், அங்கே எத்தனை குடும்ப அட்டை, ஆள் இப்போது குடியிருக்கிறார்களா. ஒரே சாளையில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி அட்டை வைத்திருந்தால் 2 என்று போட வேண்டும். பெயர், அட்டை எண், ஆதார் எதுவும் வேண்டாம். இந்த வரைபடம் பொதுவில் மாட்டப்போகிறது.

தாளில் எழுதி வந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, அதாவது 77 என்று தொடங்கும் எண் வர வேண்டும். ஒய் என்ற இடத்தில் 11. மாற்றிப் போட்டால் புள்ளிகள் ஆர்க்டிக் கடலில் போய் விழும், அதனால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது இன்னொன்று: 11 டிகிரி 20 நிமிடத்தை 11.20 என்று எழுதுவது. அது 11.333. ஏறக்குறைய 15 கி.மீ. தள்ளிப்போகும், ஆனாலும் ஈரோடு மாவட்டத்துக்குள்ளேயே ஏதோ ஒரு காட்டில் சாதுவாக நிற்கும்.

எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற ஒரே கோப்பில் சேமியுங்கள். பழைய ஷேப்ஃபைல் வேண்டாம். அது நாலைந்து கோப்பாகப் பிரிந்து கிடக்கும், வாட்ஸப்பில் அனுப்பும்போது ஒன்று விட்டுப்போனால் திறக்காமலோ, விவரம் குறைந்தோ போகலாம். அதில் அட்டவணையின் பத்தித் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே இடம், தமிழில் மூன்று எழுத்துக்கு மேல் நிற்காது.

பாதைகளும் இட்டேரிகளும்

கியூக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைப் போட்டு, ஹைவே என்ற சொல்லைக் கொடுத்தால், பொதுமக்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள சாலைகள் எல்லாம் இறங்கும். தார் ரோடுகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். இட்டேரிகளும் (தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்தடங்கள்) வாய்க்கால் கரைப்பாதையும் பாதிக்கு மேல் இருக்காது. சாளைக்காரர்கள் நடப்பது அவற்றில்தான், ஆகவே அவற்றை நீங்களே வரைய வேண்டும்.

வரையும் முன், புதிய கோட்டைப் பழைய கோட்டின் புள்ளியோடு ஒட்டவைக்கும் ஸ்நாப்பிங் வசதியைப் போட்டுவிடுங்கள். புதிய கோடு பழைய கோட்டைத் தொடுவதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும் அரை மீட்டர் இடைவெளி இருந்தால் கணினிக்கு அங்கே பாதை இல்லை. இரண்டு கோடுகளும் ஒரே முனைப்புள்ளியைப் பகிர வேண்டும். அதற்காக, குறுக்கே போகும் கோடுகளை எல்லாம் ஒரே அடியாக வெட்டி இணைத்துவிடாதீர்கள். மேம்பாலமும் அதன் கீழே போகும் ரோடும் படத்தில் வெட்டிக்கொள்ளும். இணைத்தால் பாலத்திலிருந்து குதித்து இறங்க வழி இருக்கிறது என்று கணக்கு சொல்லும்.

ஒவ்வொரு பாதைக்கும் "மழையில் நடக்கலாமா" என்று ஒரு பத்தி சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேறாகும் இட்டேரிகளை நீக்கி இரண்டாம் முறை கணக்கை ஓட்டலாம். தண்ணீர் இல்லாத மாதங்களில் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறும் தடம் இருந்தால் அதை வரையவே வேண்டாம். கடை வருடம் முழுக்க இருக்கப்போவது.

வட்டம் போட்டுப் பாருங்கள், ஆனால் நம்பாதீர்கள்

"பஃபர்" கருவியில் கடைப்புள்ளியைச் சுற்றி 1500 கொடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் சாளைகளை "செலக்ட் பை லொகேஷன்" கொண்டு தேர்ந்தெடுத்து அட்டைகளைக் கூட்டுங்கள். இது பறவைக்கான கணக்கு. வாய்க்காலுக்கு அக்கரையில், கடையிலிருந்து நேர்க்கோட்டில் 400 மீட்டரில் ஒரு சாளை இருக்கிறது என்று வையுங்கள். பாலம் மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த வீட்டுக்காரர் நடப்பது 2 கி.மீ.க்கு மேல். வட்டம் அவரை "வசதி பெற்றவர்" என்று கணக்கில் சேர்த்துவிடும். பல திட்ட அறிக்கைகளில் இந்த வட்டம் மட்டுமே இருக்கிறது. தீர்மானம் தவறுவதற்கு இது ஒன்றே போதும். வட்டத்தை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும் தூரம்

இனி முக்கியமான வேலை. புராசசிங் டூல்பாக்ஸில் "நெட்வொர்க் அனாலிசிஸ்" தொகுப்பில் "ஷார்ட்டஸ்ட் பாத், லேயர் டு பாயிண்ட்" என்ற கருவி இருக்கும்.

1. நெட்வொர்க் லேயர்: மீட்டர் முறைக்கு மாற்றிய பாதைகள்.
2. தொடக்க லேயர்: சாளைப் புள்ளிகள்.
3. முடிவுப் புள்ளி: ஒரு கடை.
4. பாத் டைப்: "ஷார்ட்டஸ்ட்". நேரக் கணக்கு வேண்டாம்.

ஓட்டினால் ஒவ்வொரு சாளைக்கும் ஒரு கோடு வரும், அதன் அட்டவணையில் "காஸ்ட்" என்ற பத்தியில் மீட்டர் கணக்கில் தூரம் இருக்கும். இருக்கும் கடைக்கு ஒரு முறை, பேச்சில் உள்ள மூன்று இடங்களுக்கும் தலா ஒரு முறை, ஆக நான்கு ஓட்டம்.

இந்த எண்ணில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, சாளையிலிருந்து பாதைக்கு வரும் தூரம் காஸ்ட்டில் சேராது. கருவி புள்ளியைப் பக்கத்துப் பாதைக்கு இழுத்து, அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கும். 300 மீட்டர் உள்ளே இருக்கும் சாளைக்கு அந்த 300 காணாமல் போகும். "ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரஸ்ட்" கருவியில் சாளைகளையும் பாதைகளையும் கொடுத்தால் "டிஸ்டன்ஸ்" என்ற பத்தி கிடைக்கும். அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இதைவிட மோசம். பக்கத்துப் பாதை என்பது எதிர்க்கரைப் பாதையாக இருக்கலாம். இக்கரைச் சாளைக்குத் தடம் வரையாமல் விட்டிருந்தால், கருவி அதைத் தண்ணீரைத் தாண்டி அக்கரை ரோட்டில் வைத்துவிடும். தூரம் அழகாக, சின்னதாக வரும், யாருக்கும் சந்தேகம் வராது. வாய்க்காலை ஒட்டிய ஒவ்வொரு சாளைக்கும் வந்த கோடு எந்தக் கரையில் தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். தவறாக இருந்தால் வாசலிலிருந்து ரோடுவரை அதன் தடத்தை வரைந்து மீண்டும் ஓட்டுங்கள்.

மூன்றாவது, பாதை எங்கோ அறுந்திருந்தால் அந்தச் சாளையின் காஸ்ட் காலியாக நிற்கும். எக்செல்லில் கூட்டும்போது காலி என்பது பூஜ்யமாகி, எட்டவே முடியாத வீடு கடைக்கு மிக அருகில் இருப்பதாக மாறிவிடும். காலிக் கட்டங்களை முதலிலேயே வடிகட்டி, பாதையைச் சரிசெய்யுங்கள்.

இடங்களை ஒப்பிடுவது

நான்கு அட்டவணைகளையும் வரிசை எண் வழியாக ஒரே தாளில் சேருங்கள். ஒவ்வொரு புதிய இடத்துக்கும், இருக்கும் கடைத் தூரம், புதிய கடைத் தூரம் இரண்டில் சிறியதை எடுங்கள். பழைய கடை மூடப்போவதில்லை என்பதால்தான் இப்படி. பிறகு மூன்று எண்: 1500 மீட்டரைத் தாண்டும் அட்டைகள் எத்தனை, அதிகபட்ச தூரம் எவ்வளவு, நடு எண் (தூரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) எவ்வளவு. சாளைகளை எண்ணாமல் அட்டைகளை எண்ணுங்கள். சராசரியை நம்ப வேண்டாம். நத்தத்து வீடுகள் பலவும் கடைக்குப் பக்கத்தில் இருந்தால் அது இறங்கிவிடும், தூரத்துச் சாளை அதில் மறைந்துபோகும்.

ஓரிடம் அதிக அட்டைகளை வரம்புக்குள் கொண்டுவரும். இன்னோரிடம் மிகத் தொலைவில் இருப்பவரின் நடையைக் குறைக்கும். இரண்டும் ஒரே இடமாக அமைவது அபூர்வம். எதற்கு முன்னுரிமை என்பதைக் கிராம சபை சொல்லட்டும். கணினி அதைச் சொன்னதாகக் காட்டக் கூடாது. வரம்பை 1200 என்றும் 1800 என்றும் மாற்றிப் பாருங்கள். முதலிடம் மாறாவிட்டால் தைரியமாகப் பரிந்துரைக்கலாம். மாறினால் அதையும் தாளில் எழுதுங்கள்.

சபைக்குக் கொண்டுபோவது

"பிரிண்ட் லேஅவுட்" திறந்து ஏ1 அளவில் வையுங்கள். ஏ4 தாளைப் பத்துப் பேர் சேர்ந்து பார்க்க முடியாது. எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோடு எழுத்துரு. யுனிகோடு அல்லாத பாமினி வேண்டாம். பிடிஎஃப் எடுக்கும்போது "ஆல்வேஸ் எக்ஸ்போர்ட் டெக்ஸ்ட் அஸ் பாத்ஸ்" தேர்ந்தெடுத்தால் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறாது. மாரியம்மன் கோயில், நால்ரோடு, மேல்நிலைத் தொட்டி, வாய்க்கால் பாலம் நான்கையும் கட்டாயம் குறியுங்கள். மக்கள் அவற்றை வைத்துத்தான் தங்கள் சாளையைக் கண்டுபிடிப்பார்கள். கணக்கெடுத்த தேதி, வரம்பு, அளவுகோல் மூன்றும் மூலையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தது ஒரு வாரம் முன்பே படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவைக் கட்டித் தொங்க விடுங்கள். "எங்க சாளையைக் காணோம்", "இந்தத் தடத்தைக் கம்பி வேலி போட்டு அடைச்சு ரெண்டு வருசமாச்சு" என்று படத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்து நான்கு ஓட்டங்களையும் மறுபடி ஓட்டி, பழைய எண், புதிய எண் இரண்டையும் தீர்மானத்தோடு இணையுங்கள்.